காப்பாற்றப்பட்ட மருந்து

குடிநீர் வாரியத்தின் பழுதுபார்ப்புப் பிரிவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். காதுக்காரர் என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் பொறியாளர் வரை கை காட்டுவார்கள். தெருவுக்கு அடியில் எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் பதினெட்டு வருடமாக அவருடைய வேலை. அவரிடம் இருந்தது ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. ஒரு முனை கூர்மை, மறுமுனையில் காதுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு மரக் குமிழ். பொழுது விடிந்து பேருந்துகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், கூர்முனையைத் தெருவில் ஊன்றி, குமிழில் இடது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இரும்புக் குழாயில் கசிவு இருந்தால் சீறும். பிளாஸ்டிக் குழாய் என்றால் யாரோ தூரத்தில் துணி கசக்குவது போலக் கேட்கும். இணைப்பு விட்டிருக்கிறதா, குழாயே விரிந்திருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடுவார். மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தோண்டுகிறவர்கள் அந்த வட்டத்தைத் தாண்டித் தோண்டியதே இல்லை.

அந்த இடது காதில்தான் சீழ் வந்தது.

முதல் தடவை வந்தது ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு. பொது மருத்துவமனைக்குப் போனார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று வலிக்கு, இன்னொன்று ஒழுகலுக்கு. இரண்டும் உள்ளவர்கள் எதில் நிற்பது என்பது குறித்து மேலிடத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அவர் ஒழுகலில் நின்றார். பெரிய டாக்டரின் மேசைக்கு எதிரே நோயாளிக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்காருவதற்குள் சீட்டு எழுதி முடிந்திருக்கும்.

"காதா?"

"ஆமா டாக்டர்."

"அடுத்த ஆள்."

சீட்டில் ஐந்து நாளைக்குப் பச்சை மாத்திரையும் ஒரு சொட்டு மருந்தும் இருந்தன. காதுக்குள் பார்க்கிற கருவி மேசைமேல்தான் கிடந்தது. அதன் பல்பு எரிந்துபோயிருந்தது. கருவியின் கழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தார்கள்: 'பல்பு கேட்டு எழுதப்பட்டுள்ளது.' எழுதிய தேதியின் மை வெளுத்துப்போய், மாதம் மட்டும் தெரிந்தது.

மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் நாளே காது காய்ந்தது. மீதி மாத்திரையை அடுத்த தடவைக்கு ஆகும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த அறையில் நேரம் ஒதுக்கப்படவில்லை. நாலு மாதம் கழித்து அடுத்த தடவை வந்தது. அதற்கப்புறம் மூன்று மாதத்தில். பிறகு ஆறு வாரத்தில். வேலைக்கு லீவு கிடைக்காத நாள்களில் முனையிலிருக்கும் மருந்துக்கடையிலேயே அதே பச்சை மாத்திரையை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. ஆனால் அவராவது தலையைச் சாய்க்கச் சொல்லி, வெளிச்சத்தில் ஒரு கண்ணால் காதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைப்பவள். இருநூறு மெஷின் ஒரே கூரையின் கீழ் ஓடுகிற இடம். பக்கத்தில் இருப்பவளிடம் நூல் கேட்பதென்றால்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனாலேயே வீட்டுக்கு வந்தால் குரலை இறக்கிவிடுவாள். சமையலறையில் நின்றபடி, பாதி தனக்கும் பாதி அவருக்குமாக அன்றைய கதையை முணுமுணுப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் அவர் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டு பதில் சொல்வார். பதினோரு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நினைவில்லை. சண்டையைக்கூட அவர்கள் மெல்லிய குரலில்தான் போட்டார்கள்.

தலையணை உறையை முதலில் கவனித்தது அவள்தான்.

"என்னங்க, வாடை வருது. இது சும்மா காது ஒழுகறது இல்ல."

"மாத்திரை போட்டா நின்னுடும்."

"ஒவ்வொரு தடவையும் நிக்குது. ஒவ்வொரு தடவையும் வருது. அந்த மாத்திரை கிருமியக் கொல்லுதா, இல்ல உக்கார வச்சுப் பாடம் நடத்துதா?"

அவர் "என்ன சொன்னே?" என்று கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அன்றைக்குத்தான் அவர் அந்தக் கேள்வியை வீட்டில் முதல் முறையாகக் கேட்டார். இருவருமே அதைக் கவனித்தார்கள், இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டாவது தடவையாக மருத்துவமனைக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். பெரிய டாக்டர் லீவில் இருந்ததால் அவர் இடத்தில் ஓர் இளம்பெண் டாக்டர் இருந்தாள். பல்பு வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாமல் சொந்தமாக ஒரு டார்ச் வாங்கி நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்ததால், பணியாளர்கள் அவளுக்கு டார்ச் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பாராட்டாக வைத்த பெயர் இல்லை.

"உக்காருங்க."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான். உக்காருங்க."

பஞ்சால் துடைத்துத் துடைத்து, காதைச் சுத்தம் செய்யவே அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வரிசை முனகியது. அன்றைக்குப் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததற்காகப் பிற்பாடு அவளுக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது.

"எத்தனை வருஷமா?"

"மூணு வருஷம் மேடம்."

"இதுக்கு முன்னாடி யாராவது உள்ள பாத்தாங்களா?"

அவர் யோசித்தார். "மருந்துக்கடைக்காரர் பாத்தார்."

டார்ச் டாக்டர் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் போட்டாள். பிறகு, "செவிப்பறையில ஓட்டை இருக்கு. உள்ள ரொம்பப் புண்ணாயிருக்கு. இந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கேக்கும்னு தெரியாம இனிமே ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்" என்றாள். நீண்ட குச்சியில் சீழைத் தொட்டு ஒரு குழாயில் போட்டாள். ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைப் பத்து மணி வரை வாங்குவார்கள். காதுப் பிரிவு திறப்பதே பத்து மணிக்கு. மூன்று வருடமாக எந்தக் காதின் சீழும் ஆய்வுக்குப் போகாததற்கு அது ஒன்றே போதுமான காரணம். மறுநாள் ஒன்பதுக்கு வரச் சொல்லி, பூட்டிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்து இன்னொரு தடவை எடுத்து, தானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பத்து மருந்துகளின் பட்டியல். ஒன்பதுக்கு எதிரே 'கேட்காது' என்றிருந்தது. கடைசி ஒன்றுக்கு மட்டும் 'கேட்கும்.'

"நீங்களும் அதுவும் ஒரே ஜாதகம்" என்றாள் மனைவி. "யார் சொன்னாலும் கேக்கறதில்ல."

அவர் சிரித்தார். அவள் சிரிப்பை முடித்துக்கொண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி மருந்து வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காது. அது ஊசி மருந்து. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மருந்துக் காப்புக் குழு என்ற ஒன்றின் பொறுப்பில் இருந்தது. கீழே இருக்கிற எந்த அறையிலும் இல்லாத கம்பளமும் குளிர்சாதனமும் அங்கே இருந்தன. சுவரோரமாகக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு குளிர்ப்பெட்டி. உள்ளே விளக்கு எரிந்தது. வரிசையாகப் பதினாலு குப்பிகள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு அதிகாரிகளிடம் இருந்தன. பாதுகாப்புக் கருதி அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை.

ஏழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் குழுவின் எழுத்தர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். காதுக்காரரும் மனைவியும் நின்றார்கள். டார்ச் டாக்டர் காகிதங்களோடு முன்னால் நின்றாள். குழுத் தலைவர் நல்ல மனிதர். குரல் கனிவானது. எதையும் விளக்கிச் சொல்வதில் அவருக்கு விருப்பம் உண்டு.

"உலகம் பூரா மருந்துங்க தோத்துக்கிட்டே வருது" என்றார். "ஏன் தோக்குது? நோயாளிங்க சாப்பிடறதால. இந்த ஒரு மருந்து மட்டும் நம்ம ஆஸ்பத்திரியில இன்னும் தோக்கல. ஏன்? இன்னும் யாருக்கும் குடுக்கல. குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு குப்பிகூட வெளிய போகல. எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்?"

"அப்ப யாருக்காக சார் வச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தேவைப்படறவங்களுக்காக."

"இவருக்குத் தேவைப்படுதே சார்."

"இவருக்கு இப்பத் தேவைப்படுது. நாங்க எதிர்காலத் தேவையப் பத்திப் பேசறோம்மா."

டார்ச் டாக்டர் ஆய்வு முடிவை நீட்டினாள். தலைவர் அதை மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுல நடந்தது. இவர் காது கண்ணாடித் தட்டு இல்லையே டாக்டர். விதிப்படி நோயாளி முதல்ல மூணு படி ஏறணும். முதல் படி பச்சை மாத்திரை, பதினாலு நாள். ரெண்டாம் படி மஞ்சள். மூணாம் படி ரெண்டும் சேத்து. மூணும் கேக்கலைன்னா நாலாவதா இங்க வரலாம்."

"பச்சை மாத்திரைய எட்டுத் தடவைக்கு மேலயே சாப்பிட்டுட்டேன் சார்" என்றார் காதுக்காரர்.

"சீட்டு இருக்கா?"

சீட்டு இல்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் சீட்டை வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் எல்லாச் சீட்டையும் மூட்டை கட்டிப் பழைய காகிதத்தோடு அனுப்பிவிடுவார்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஏற்பாடு அது என்று எழுத்தர் விளக்கினார்.

"பதிவேட்டுப்படி" என்றார் தலைவர் பரிவோடு, "உங்க காதுல இதுவரைக்கும் சீழே வந்ததில்ல."

'படி 1' என்று முத்திரை குத்திய ஒரு சிறு புத்தகத்தோடு கீழே இறங்கினார்கள். படிக்கட்டில் டார்ச் டாக்டர் மெதுவாக, "வாரம் ரெண்டு தடவை வாங்க. நான் துடைச்சு விடறேன். அதை மட்டும் யாரும் தடுக்க முடியாது" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. மனைவி வீட்டில் போய்ச் சொன்னாள்.

கேட்காத மாத்திரையைப் பதினாலு நாள் சாப்பிட்டார். வாய் புண்ணாயிற்று. வயிறு கெட்டது. காது மட்டும் பழையபடி ஒழுகிக்கொண்டிருந்தது. எழுத்தர் 'படி 2' குத்தினார்.

அந்தப் பதினாலு நாளுக்குள்தான் அச்சகத் தெருவில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது. விடியற்காலை காதுக்காரர் கம்பியை ஊன்றினார். குமிழை வைத்தால் இடது காதில் உள்ளே இருக்கிற இரைச்சல்தான் கேட்டது. வலது காதை வைத்தார். கேட்டது. ஆனால் அந்தக் காதுக்கு இந்தப் பழக்கமே இல்லை. தெரிந்த பாட்டை யாரோ வேறு ஊர் மெட்டில் பாடுவது போல இருந்தது. நாலைந்து இடத்தில் ஊன்றி ஊன்றிப் பார்த்து, ஒரு சந்தின் முனையில் வட்டம் போட்டார். தோண்டினார்கள். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், நெஞ்சு ஆழம். மண் காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. குழியில் இறங்கியிருந்தவன் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று காதுக்காரருக்குத் தோன்றியது. அன்று மத்தியானம் இருபது அடி தள்ளி, ஒரு சுவருக்கு அடியில் தண்ணீர் தானாகவே பீறிட்டு வெளியே வந்தது.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. "ஒரு மாசம் ஸ்டோர்ல இருங்க. காது சரியானதும் வாங்க" என்றார். கம்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது மரக் குமிழைத் துணியால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தார் காதுக்காரர். வாங்கியவர் அவர் போகும்வரை காத்திருந்து இன்னொரு முறை துடைத்தார்.

அந்த மாதம் மருத்துவமனையில் மருந்து விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். சிறந்த ஒத்துழைப்பு அளித்த நோயாளி என்று காதுக்காரரைக் குழு தேர்ந்தெடுத்திருந்தது. பலத்த மருந்து வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இரண்டு படியையும் ஒழுங்காக ஏறி முடித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாதியிலேயே வேறு எங்கோ போய்விட்டிருந்தார்கள். போனவர்கள் குணமடைந்தோர் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

அரங்கத்தில் முன்வரிசையில், மேடைக்கு இடது காது படும்படி அவரை உட்காரவைத்தார்கள். குழுத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஒரு மருந்தை உருவாக்க இருபது வருஷம் ஆகுது. அதை அழிக்க ஒரு நோயாளி போதும். நாங்க நோயாளிக்கு எதிரி இல்ல. நோயாளி வருவார், போவார். மருந்து நிரந்தரம். இந்தக் குழு மருந்தோட பக்கத்துல நிக்குது. மருந்துக்கு வாய் இல்ல. அதுக்காகப் பேச யாராவது வேணும் இல்லையா."

கைதட்டினார்கள். பெரிய டாக்டர் எழுந்து, தன் பிரிவில் கடந்த ஆண்டு ஒருவரைக்கூடக் காத்திருக்க வைக்காமல் தொண்ணூறாயிரம் பேருக்கு மருந்து வழங்கியதைக் குறிப்பிட்டார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு ஒரு பெயரை வாசித்தார்கள். யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார்கள். மனைவி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

மேடையில் சான்றிதழும் ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"எனக்குப் பேச வராது" என்றார் காதுக்காரர். தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் திடுக்கிட்டு நிமிர்ந்தது. "காது சீக்கிரம் சரியாகணும். வேலைக்குப் போகணும். அவ்வளவுதான் சார்."

"எவ்வளவு எளிமையான மனிதர்" என்று தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி துணிப்பையைத் திறந்தாள். ஒரு துண்டு, ஒரு நாள்காட்டி, விழாவுக்கு உதவிய மருந்து கம்பெனியின் வாழ்த்து அட்டை. அடியில் மாதிரிக்காக இரண்டு அட்டை பச்சை மாத்திரை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். வலது பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக அப்படித்தான்.

"எனக்குத் தொழிற்சாலையிலயும் கத்தணும், வீட்லயும் கத்தணும்னு ஆயிடுச்சு" என்றாள்.

"நீ மெதுவாவே பேசு. நான் உன் வாயப் பாத்துக்கறேன்."

"சமையக்கட்டுலேர்ந்து பேசினா எப்படிப் பாப்பீங்க?"

மறுநாளிலிருந்து அவர் செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்கு வந்து, அடுப்பு மேடைக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் படியில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தபோது, ஸ்டோரில் ஒரு வால்வை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். கண்ணைத் திறந்தால் கூரை சுழன்றது, மூடினால் அவரே சுழன்றார். வாந்தி நிற்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனையில் டார்ச் டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

குழுத் தலைவர் வெளியூரில், மருந்துகளைக் காப்பது பற்றிய மாநாட்டில் இருந்தார். எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார், அவ்வளவு பதற்றம். "அவசர அனுமதிக்குத் தனிப் படிவம் இருக்கு மேடம். ஏழு வேலை நாள்ல கெடச்சிடும்."

"அவருக்கு ஏழு நாள் இல்ல."

"அப்படின்னா சாதாரணப் படிவமே போடுங்களேன்" என்றார் அவர், உதவுகிற எண்ணத்தோடு. "அவர் பேரு ஏற்கனவே வரிசையில முன்னாடி இருக்கு."

குளிர்ப்பெட்டியின் விளக்கில் பதினாலு குப்பியும் பளிச்சென்று தெரிந்தன. அவள் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவசரப் படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப் போய் அறுவை சிகிச்சை அறைக்குச் சொல்லியனுப்பினாள். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, சீழ் பிடித்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். பழைய மருந்துகளையே அளவு கூட்டி நரம்பில் ஏற்றினார்கள். ஆள் பிழைத்தார்.

ஒன்பதாம் நாள் டார்ச் டாக்டர் கட்டுப் பிரித்தாள். மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். டாக்டர் வலது காதை ஒரு விரலால் நன்றாக அடைத்துவிட்டு, இடது பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னாள். இன்னும் சத்தமாகச் சொன்னாள். மனைவிக்குக் கேட்டது. வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. அவர் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் விரலை எடுத்தாள். "காது காஞ்சுடுச்சு. இனிமே சீழ் வராது" என்றாள். "ஆனா உள் காது வரைக்கும் போயிருந்தது. அந்தப் பக்கம் இனிமே கேக்காது."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

அவர் போர்வையை நீவினார். "அந்த ஊசியப் போட்டிருந்தா?"

டார்ச் டாக்டர் நெற்றியில் இருந்த விளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியல. தெரியும்னு சொன்னா அது பொய். முதல் நாள் ஒருத்தர் உள்ள பாத்திருந்தா அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது. அது மட்டும் உறுதியாத் தெரியும்." பிறகு, "மன்னிச்சுடுங்க" என்றாள்.

மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு, "நீங்க உக்காருங்க மேடம்" என்றார்.

அனுமதி அதற்கு அடுத்த நாள் வந்தது. 'தங்கள் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, பதினான்கு குப்பிகளும் தங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டுள்ளன.' இனி அது தேவையில்லை என்று டார்ச் டாக்டர் எழுதி அனுப்பினாள். தேவையில்லை என்று தெரிவிப்பதற்கான படிவத்தில் எழுதவில்லை என்று அது திரும்பி வந்தது. குழுவின் ஆண்டறிக்கையில் காதுக்காரருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்: 'காப்பு மருந்து ஒரு துளியும் செலவிடப்படாமலேயே நோயாளியின் காது முழுமையாகக் காய்ந்தது.'

இரண்டு மாதம் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு கடிதம். அவர் பெயரில் இருக்கும் மருந்து காலாவதியாகிவிட்டது. அதை அழிக்கும்போது உரியவர் நேரில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள்.

அறையில் கம்பளத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் கைப்பிடி வைத்த ஓர் இரும்புப் பெட்டி. அன்றைக்கு இரண்டு சாவிக்காரர்களும் வந்திருந்தார்கள். எழுத்தர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து, எண்ணைச் சொல்லி, பெட்டிக்குள் வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். நொறுங்கியது. அடுத்தது.

ஐந்தாவது குப்பிக்குப் பிறகு எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சாவிக்காரரிடம் பேச்சுவாக்கில், "அந்தச் சின்னப் பொண்ணோட அப்பா நேத்தும் வந்து நின்னாரு" என்றார். அவர்கள் நின்றது வலது பக்கம். காதுக்காரருக்கும் கேட்டது.

"எந்தப் பொண்ணு?"

தலைவர்தான் பதில் சொன்னார். "குழந்தைகள் வார்டுல ஒரு கேஸ். உங்களுக்கு வந்த அதே கிருமி. போன மாசம் இந்த மருந்தக் கேட்டிருந்தாங்க."

"குடுத்திருக்கலாமே சார். இங்கதானே இருந்தது."

"உங்க பேருல இருந்தது" என்றார் தலைவர். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உங்களுக்குன்னு ஒதுக்கினத நாங்க எப்படி இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்க முடியும்? நோயாளியோட உரிமைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா."

"என்னைக் கேட்டிருந்தா குடுங்கன்னு சொல்லியிருப்பேனே."

"கேக்கறதுக்கு விதியில எடம் இல்ல."

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"அது குழந்தைகள் துறைம்மா. நம்ம பதிவேட்டுல வராது."

எழுத்தர் ஆறாவது குப்பியை எடுத்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதுக்காரர் திரும்பவில்லை. பதினாலும் முடிகிற வரைக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதிவேட்டைத் தள்ளினார்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் 'சாட்சியின் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதுல என்ன எழுதணும்?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அத எழுதலாம்."

அவர் குனிந்து நிதானமாக எழுதினார். 'முதல் நாளே காதுக்குள் பார்த்திருக்கலாம். இதை அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்கலாம்.' எழுத்தர் படித்தார். முகம் மாறியது. தலைவரைப் பார்த்தார். தலைவரும் படித்துவிட்டு, கோபமே இல்லாமல், "ரொம்ப நியாயமான கருத்து" என்றார். "ஆனா இந்தக் கட்டம் குப்பி ஒடஞ்சதப் பத்தி மட்டும்தான். மத்தத வேற படிவத்துல எழுதணும்."

எழுத்தர் ஸ்கேல் வைத்து இரண்டு வரியையும் அடித்தார். காதுக்காரர் அடித்த வரிகளை ஒரு தடவை படித்தார். பிறகு, 'பதினாலும் உடைந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கீழே வந்ததும் மனைவி, "இங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தைகள் வார்டு எந்தப் பக்கம் என்று அவள் ஒரு நர்ஸிடம் கேட்டதை அவர் பார்த்தார். அவர் வெளிநோயாளிகள் கூடத்தின் நடுவில் நின்றார். வலி வரிசையும் ஒழுகல் வரிசையும் வாசல்வரை நீண்டிருந்தன. ஸ்ட்ரெச்சர் சக்கரம், டோக்கன் கூப்பிடுகிற குரல், இருமல், அழுகை எல்லாம் ஒரே பக்கமாக வந்து ஒன்றாகக் கொட்டின.

வெகு நேரம் கழித்து அவள் குரல் கேட்டது. "என்னங்க."

அவர் வலது பக்கம் திரும்பினார். யாரும் இல்லை.

"என்னங்க, இங்க."

வாசல் பக்கம் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். மருந்து ஜன்னலுக்கு முன்னால் நின்ற தலைகளையெல்லாம் பார்த்தார். குரல் அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. அழுதுவிட்டு வந்த குரல் என்றுகூடத் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்றுதான் அந்த ஒற்றைக் காதுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை அவள் தொழிற்சாலையில் கத்துவது போலக் கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

அவர் தேடுவதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே கையை மட்டும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு, அவள் வந்து பிடிக்கும் வரை காத்திருந்தார்.